ஆட்டு ரசீதிலிருந்து தொடங்குங்கள்: 640–649ஐப் படிக்க ஒரு வழிகாட்டி

பழைய காலத்து உலக வரலாற்றைப் படிக்கலாம் என்று ஆசையோடு உட்காருகிற பலர், அரசர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளும் வரிசையாக அச்சிட்ட அட்டவணையைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் நாளே எல்லாப் பெயர்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பெயர்கள் மனத்தில் நிற்க வேண்டுமானால், அவை ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு பொருள் வேண்டும். அப்படி ஒரு பொருளிலிருந்து தொடங்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

நூற்றாண்டு முழுவதும் வேண்டாம், ஒரு பத்தாண்டு போதும். கி.பி. 640 முதல் 649 வரை எடுத்துக்கொள்ளுங்கள். அரபு முஸ்லிம்கள் எகிப்தைப் பிடித்தது, சாசானியப் பாரசீகம் சரிந்தது, கான்ஸ்டான்டினோபிளில் ஒரே ஆண்டுக்குள் நான்கு பேர் பேரரசர் பட்டம் தாங்கியது, சீனத் துறவி யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பியது, பல்லவர் வாதாபியைக் கைப்பற்றியது எல்லாம் இந்தப் பத்தாண்டுக்குள் வருகின்றன. உங்களுக்குத் தேவை நீளமான கணக்கு நோட்டு ஒன்று, பேனா ஒன்று, பென்சில் ஒன்று.

முதல் படி: ஒரே ஒரு தாளை நன்றாகப் பாருங்கள்

வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. எகிப்தில், நைல் பள்ளத்தாக்கில் உள்ள ஹெராக்ளியோபோலிஸ் என்ற ஊரில் எழுதப்பட்டது. மேலே கிரேக்கத்தில் சில வரிகள், கீழே அரபியில் சில வரிகள். அப்துல்லா என்ற அரபுத் தளபதி அந்த வட்டாரத்து அதிகாரிகளான கிறிஸ்டோபோரோஸ், தியோடோராக்கியோஸ் இருவரிடமிருந்தும் தன் படையினரின் உணவுக்காக 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்த ரசீது அது. அரபிப் பகுதி அந்த 65ஐ ஐம்பது என்றும் பதினைந்து என்றும் பிரித்துக் காட்டுகிறது. தாளின் பின்பக்கம் கிரேக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: வந்து சேர்ந்தவர்களுக்கு ஆடுகள் கொடுத்ததற்கான சீட்டு, இந்த ஆண்டு வரியில் கழித்துக்கொள்ள வேண்டியது.

இந்தத் தாளோடு கொஞ்ச நேரம் இருங்கள். ஒரு நாட்டைப் படையெடுத்துப் பிடித்தவர்கள் ஆட்டுக்கு ரசீது கொடுக்கிறார்கள். கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்ற கிறிஸ்தவத் திருத்தொண்டர்; அவரே ஊர் எழுத்தர். அதாவது பழைய ஆட்சியின் எழுத்தர்களும் வட்டார அதிகாரிகளும் அதே நாற்காலிகளில் இருக்கிறார்கள். வரி அதே வரி. அதை வாங்குகிற கை மட்டும் மாறியிருக்கிறது. கிரேக்கப் பகுதி ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்குகிறது. அரபிப் பகுதி ‘அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால்’ என்று தொடங்குகிறது. ஆட்சி மாற்றம் என்ற பெரிய சொல்லுக்கு அந்த ஊரில் அந்த நாளில் என்ன பொருள் இருந்தது என்பதை இந்த ஒரு தாள் காட்டிவிடுகிறது. படையெடுப்பு என்றாலே எரிந்த ஊர்களை மட்டும் கற்பனை செய்துகொண்டிருந்த என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான்.

இரண்டாம் படி: தேதியை நீங்களே கணக்கிடுங்கள்

அந்த ரசீதில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. கிரேக்கப் பகுதியில் எகிப்திய நாட்காட்டியின் பர்முத்தி மாதம் 30, முதலாம் இண்டிக்ஷன். அரபிப் பகுதியில் ஜுமாதல் ஊலா மாதம், ஆண்டு 22.

இண்டிக்ஷன் என்பது உரோமானியரின் பதினைந்து ஆண்டு வரிச் சுற்று. நம் பிரபவ, விபவ ஆண்டுகள் அறுபதோடு சுற்றுவதைப் போல இது பதினைந்தோடு சுற்றும். ஆகவே ‘முதலாம் இண்டிக்ஷன்’ என்று மட்டும் சொன்னால், ‘சித்திரபானு ஆண்டு’ என்று மட்டும் சொன்னதைப் போலத்தான்: எந்தச் சுற்று என்று தெரியாது. கி.பி. ஆண்டோடு 3ஐக் கூட்டி 15ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 643 + 3 = 646; மீதி 1. சரியாக வருகிறது. ஆனால் 628க்கும் 658க்கும்கூட மீதி 1தான் வரும்.

இங்கேதான் அரபித் தேதி கைகொடுக்கிறது. ஹிஜ்ரி ஆண்டு நிலவை வைத்துப் போவதால் சுமார் 354 நாட்கள்தான். தோராயக் கணக்குக்கு, ஹிஜ்ரி எண்ணை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் போதும். 22க்குச் செய்து பாருங்கள், 643 கிடைக்கும். பர்முத்தி 30 என்பது ஏப்ரல் 25. அந்த ஆண்டு ஜுமாதல் ஊலா மாதம் மார்ச் இறுதியில் தொடங்கி ஏப்ரல் இறுதியில் முடிந்தது. இரண்டு கணக்குகளும் 643 ஏப்ரல் 25இல் வந்து கைகோத்துக்கொள்கின்றன. ஹிஜ்ரி ஆண்டுமுறையைக் கலீபா உமர் ஏற்படுத்திச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில், அது நைல் கரை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கும் இதுவே சாட்சி.

மற்றவை எளிது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டுங்கள்: இரண்டாம் புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டு சகம் 556, அதாவது 634–35. சீனத்தின் தாங் பேரரசர் தைசோங்கின் ‘சென்குவான்’ ஆண்டுகளுக்கு 626ஐக் கூட்டுங்கள்: சென்குவான் 19 என்றால் 645. கஷ்டம் தருவது ஆட்சியாண்டுதான். ‘இந்த அரசரின் பதின்மூன்றாம் ஆண்டு’ என்று கல்வெட்டு சொன்னால், அவர் எப்போது பட்டத்துக்கு வந்தார் என்பது தெரியாமல் ஓர் அடிகூட நகர முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாதாபிக்கு வரும்போது தேவைப்படும்.

மூன்றாம் படி: நோட்டைப் பிரியுங்கள்

இடமிருந்து வலமாகப் பத்தாண்டுகள். மேலிருந்து கீழாக நிலப்பகுதிகள்: உரோமையின் கிழக்குப் பாதியான பைசாந்தியம், எகிப்து, அரேபியா, பாரசீகம், வட இந்தியா, தென்னிந்தியா, திபெத், சீனம், கொரியா, ஜப்பான், மேற்கு ஐரோப்பா. இன்றைய நாட்டு எல்லைகளை மறந்துவிடுங்கள்.

ஒரு விதியை மட்டும் முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும். நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எழுதப்பட்ட சான்று இருந்தால் பேனாவால் எழுதுங்கள். பின்னால் வந்தவர்கள் எழுதியது என்றால் பென்சிலால் எழுதி, எத்தனை ஆண்டுகள் கழித்து என்பதை ஓரத்தில் குறியுங்கள். ஆட்டு ரசீது பேனா. நீங்கள் எழுதப்போவதில் பெரும்பகுதி பென்சிலாகத்தான் இருக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஆனால் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: ரசீதிலிருந்து வெளியே நடங்கள்

அப்துல்லா ஹெராக்ளியோபோலிசுக்கு எப்படி வந்தார்? 639 இறுதியில் அம்ர் இப்னுல் ஆஸ் தலைமையில் அரபுப் படை எகிப்துக்குள் நுழைந்தது. 640 ஜூலையில் ஹெலியோபோலிஸில் பைசாந்தியப் படையைத் தோற்கடித்தது. இன்றைய கெய்ரோவின் தெற்கே இருந்த பாபிலோன் கோட்டை 641 ஏப்ரலில் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் அலெக்சாந்திரியாவை ஒப்படைக்க உடன்பாடு ஏற்பட்டது. 642 செப்டம்பரில் பைசாந்தியப் படை கப்பலேறியது.

இப்போது பைசாந்திய வரிசைக்குப் போய் 641ஐப் பாருங்கள். பிப்ரவரியில் பேரரசர் ஹெராக்ளியஸ் இறக்கிறார். பட்டத்துக்கு வந்த மூத்த மகன் மூன்றாம் கான்ஸ்டன்டைன் சில மாதங்களிலேயே இறந்துபோகிறார். இளைய மகன் ஹெராக்ளோனாஸ் இலையுதிர்காலத்தில் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார். அவருடைய மூக்கையும் தாய் மார்ட்டினாவின் நாக்கையும் அறுக்கிறார்கள். கடைசியில் அரியணையில் உட்கார்ந்தது, பதினோரு வயதுப் பேரன் இரண்டாம் கான்ஸ்டன்ஸ். எகிப்து கைமாறிக்கொண்டிருந்த மாதங்களில் தலைநகரில் நடந்தது இது. இரண்டு வரிசைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான், அலெக்சாந்திரியாவின் திருச்சபைத் தலைவரான மறைமுதுவர் சைரஸ் ஏன் சண்டையை விட்டுப் பேச்சுக்குப் போனார் என்பது விளங்குகிறது.

பாரசீகத்தில் 642 வாக்கில் நஹாவந்துப் போர். அதற்குப் பிறகு சாசானிய அரசர் மூன்றாம் யஸ்தகிர்தால் பெரும்படை ஒன்றைத் திரட்ட முடியவில்லை; கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டே இருந்தார். 644 நவம்பரில் மதீனாவில் பாரசீக அடிமை ஒருவரின் கத்திக்குக் கலீபா உமர் இரையானார். அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க அவர் அமைத்த ஆறு பேர் குழு உஸ்மானைத் தேர்ந்தெடுத்தது. 645இல் பைசாந்தியக் கப்பற்படை அலெக்சாந்திரியாவைத் திரும்பப் பிடித்தது. அடுத்த ஆண்டே இழந்தது. 647இல் இன்றைய துனிசியாவில், பேரரசருக்கு எதிராகக் கலகம் செய்து தனியாகப் பிரிந்திருந்த ஆளுநர் கிரகோரி அரபுப் படையிடம் தோற்று இறந்தார்.

ஐந்தாம் படி: மதச் சண்டையை ஒதுக்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற பகுதி இதுதான். தாண்டினால் எகிப்து புரியாமலே போய்விடும்.

கிறிஸ்துவில் இறைத்தன்மை, மனிதத்தன்மை என்று இரண்டு இயல்புகள் உள்ளன என்று 451இல் கால்சிடோன் சங்கம் முடிவு செய்தது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பிளந்து நின்ற இரு தரப்பையும் ஒட்டவைக்க, ‘இயல்பைப் பற்றிச் சண்டை வேண்டாம், கிறிஸ்துவுக்குச் சித்தம், அதாவது விருப்பம், ஒன்றுதான்’ என்ற ஒரு நடுவழியை ஹெராக்ளியஸ் 638இல் ஆணையாகவே வெளியிட்டார். இரு தரப்பும் நிறைவடையவில்லை. எகிப்தில் இந்த ஒற்றுமையைத் திணிக்க அனுப்பப்பட்டவர்தான் மேலே சொன்ன சைரஸ். அவருக்குப் பயந்து காப்டிக் மறைமுதுவர் பெஞ்சமின் பத்தாண்டுகளுக்கு மேல் தலைமறைவாக இருந்தார். அவர் வெளியே வந்து தன் இருக்கைக்குத் திரும்பியது, அம்ர் பாதுகாப்பு உறுதி அளித்த பிறகு. இந்தச் செய்தி காப்டிக் திருச்சபையின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. ‘கிறிஸ்தவ நாட்டை முஸ்லிம்கள் பிடித்தார்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனால் பெஞ்சமினை எங்கே வைப்பீர்கள்?

இதற்காக எகிப்தியர் எல்லாரும் கதவைத் திறந்து வரவேற்றார்கள் என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். அந்த நூற்றாண்டின் இறுதியில் எழுதிய நிக்கியு நகர ஆயர் யோவான், படையெடுப்பில் தன் மக்கள் பட்ட கொடுமைகளை விரிவாகவே சொல்கிறார். அவருடைய நூலின் மூலம் அழிந்துவிட்டது. அரபி வழியாகச் செய்த எத்தியோப்பிய மொழிபெயர்ப்புதான் எஞ்சியிருக்கிறது. ஆகவே அழுத்தமான பென்சில்.

648இல் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் இன்னோர் ஆணை போட்டார்: ஒரு சித்தமா இரண்டா என்று இனி யாரும் பேசவே கூடாது. யாருக்காக இந்தச் சமரசம் தொடங்கியதோ அந்த எகிப்தும் சிரியாவும் அதற்குள் கையை விட்டுப் போயிருந்தன. பேசக் கூடாது என்று சொன்னபோதும் பேசியவர்கள் இருந்தார்கள். 649 அக்டோபரில் திருத்தந்தை மார்ட்டின், ரோமின் லாத்தரனில் 105 ஆயர்களைக் கூட்டி, ஒரு சித்தக் கொள்கையையும் பேரரசரின் ஆணையையும் கண்டித்தார். அந்தக் கூட்டத்தின் பின்னணியில் இருந்த துறவி மாக்சிமஸ் பிற்பாடு நாக்கையும் வலது கையையும் இழந்தார். மார்ட்டின் கருங்கடல் கரையில் நாடு கடத்தப்பட்ட நிலையில் இறந்தார். ஒரு கொள்கைக்காக மனிதர்கள் எதைக் கொடுத்தார்கள் என்பதை இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள்.

ஆறாம் படி: பென்சிலைச் சோதித்துப் பாருங்கள்

மூன்று பயிற்சிகள் சொல்கிறேன்.

முதலாவது வாதாபி. நரசிம்மவர்மப் பல்லவர் 642இல் புலிகேசியின் தலைநகரான வாதாபியை வென்றார் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த 642 எங்கிருந்து வந்தது? வாதாபியில், அதாவது இன்றைய பாதாமியில், ஒரு பாறையில் சிதைந்த பல்லவக் கல்வெட்டு இருக்கிறது. அதில் மாமல்லர் என்ற பெயரும் பதின்மூன்றாம் ஆட்சியாண்டும் வருகின்றன. அவர் 630 வாக்கில் பட்டமேறினார் என்று கொண்டால் 642 வரும். கல்வெட்டு பேனா, ஆண்டு பென்சில். அடுத்து, காஞ்சிக்கு அருகே கூரத்தில் கிடைத்த செப்பேடு. நரசிம்மவர்மரின் பேரன் பரமேசுவரவர்மன் காலத்தது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்க்களங்களின் பெயர்களைத் தருகிறது. புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகிலேயே ஏட்டில் எழுதுவதுபோல் ‘வெற்றி’ என்று எழுதினார் என்கிறது. மணிமங்கலம் காஞ்சிக்குப் பக்கத்து ஊர். ஆகவே முதலில் வந்து தாக்கியவர் புலிகேசி என்று ஊகிக்க இடமிருக்கிறது. கடைசியாகப் பெரியபுராணம்: பரஞ்சோதி என்ற தளபதி வாதாபியை அழித்துவிட்டுப் பிறகு சிறுத்தொண்டராக வாழ்ந்தார் என்று நாம் அனைவரும் அறிந்த வரலாறு. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். ஐந்நூறு ஆண்டு இடைவெளி. ஆனால் சிறுத்தொண்டரின் காலத்தவரான சம்பந்தரின் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டர் பெயர் வருகிறது. அந்தப் பெயரைப் பேனாவால் எழுதலாம். வாதாபிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பைப் பென்சிலால் எழுத வேண்டும். பக்தியோடு படிக்கிறவருக்கும் இதில் குறை ஒன்றுமில்லை.

இரண்டாவது ஜப்பான். 645 ஜூலையில் அரசியின் கண்ணெதிரே சோகா நோ இருகா என்ற அமைச்சர் வெட்டப்பட்டார். அதையடுத்து ‘தைக்கா’ என்ற முதல் ஆண்டுப் பெயர் வந்தது. 646 புத்தாண்டில் நாட்டைக் கோட்டங்களாகப் பிரிக்கும் சீர்திருத்த ஆணை வெளியானது. இவ்வளவையும் சொல்வது 720இல் முடிந்த ‘நிஹோன் ஷோகி’. அந்த ஆணை கோட்டத்துக்கு ஓர் எழுத்தைப் பயன்படுத்துகிறது. ஆனால் புஜிவாரா அரண்மனைத் தளத்தில் தோண்டியெடுத்த வரிச் சரக்கு மரச்சீட்டுகளில் 701க்கு முற்பட்டவை எல்லாம் வேறோர் எழுத்தையே பயன்படுத்துகின்றன. ஆகவே நூலில் உள்ள ஆணையின் வாசகம் பிற்காலத்தில் திருத்தி எழுதப்பட்டது என்று தெரிந்துவிட்டது. மண்ணுக்குள் கிடந்த சரக்குச் சீட்டுகள் ஓர் அரச வரலாற்றைத் திருத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

மூன்றாவது, அலெக்சாந்திரியா நூலகத்தை உமரின் உத்தரவால் எரித்தார்கள் என்ற கதை. படையெடுப்புக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் அது முதன்முதலில் எழுத்தில் வருகிறது. நோட்டின் 642 கட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

ஏழாம் படி: ஒரு பயணியின் பின்னால் போங்கள்

கட்டங்களைத் தனித்தனியாக நிரப்பிய பிறகு, அவற்றைக் குறுக்கே கடந்து நடந்தவர்களைத் தேடுங்கள். யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். சுமார் நூறு பௌத்த மடங்கள், பத்தாயிரம் பிக்குகள், எண்பது தேவர் கோயில்கள், திகம்பரச் சமணர்கள் பலர் என்று எழுதுகிறார். அங்கிருந்து மேற்கே போய்ப் புலிகேசியின் நாட்டைப் பார்க்கிறார். ஹர்ஷராலும் அடக்க முடியாத அரசர் என்று வியக்கிறார். அவர் அதை நூலாக எழுதி முடிப்பதற்குள் வாதாபி விழுந்துவிட்டது. 643இல் கன்னோசியில் ஹர்ஷர் கூட்டிய பெரும் சமயப் பேரவையில் மகாயானத்துக்காக வாதாடுகிறார். 645 தொடக்கத்தில் 657 நூல்களோடு சீனத் தலைநகர் சாங்கான் திரும்புகிறார். அரச அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனவரைத் தைசோங் வரவேற்று, துறவைக் களைந்து அரசுப் பணிக்கு வரச் சொன்னார். அவர் மறுத்து மொழிபெயர்க்க உட்கார்ந்தார். பயண நூல் 646இல் முடிந்தது. அதற்குப் பேனா.

தைசோங் அப்போது அவசரத்தில் இருந்தார். கொரியாவின் வடபகுதியை ஆண்ட கோகுரியோ நாட்டில் 642இல் யோன் கேசோமுன் அரசரைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்திருந்தார். அதன் மேல் படையெடுத்த தைசோங், 645இல் அன்சிக் கோட்டையைப் பிடிக்க முடியாமல் குளிருக்கு முன் திரும்பினார். கோகுரியோவில் ஆட்சிக் கவிழ்ப்பு, ஜப்பானில் அரசவைக் கொலை, தெற்கே சில்லாவில் அரசி சொன்டோக்குக்கு எதிரான கலகம் எல்லாம் ஐந்தே ஆண்டுகளுக்குள் நடந்ததற்குத் தாங் பேரரசின் அழுத்தம் ஒரு பொதுக் காரணம் என்று பல வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அதே 645 ஜூலையில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் மாக்சிமஸ் இரண்டு சித்தங்களுக்காக வாதாடி வென்றதற்கும் ஜப்பானியக் கொலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒரே கட்டத்தில் இருப்பவை எல்லாம் உறவினர் அல்ல.

ஹர்ஷர் 647 வாக்கில் வாரிசில்லாமல் இறந்தார். அப்போது வந்த சீனத் தூதர் வாங் சுவான்சே தாக்கப்பட்டு, திபெத்துக்குத் தப்பினார். அங்கே 1,200 திபெத்தியரையும் 7,000 நேபாளியரையும் பெற்றுத் திரும்பி வந்து, அரியணையைப் பிடித்திருந்தவரைச் சிறைப்பிடித்து 648இல் சாங்கானுக்குக் கொண்டுபோனார் என்று சீன வரலாறுகள் சொல்கின்றன. இந்தியச் சான்று எதுவும் இதைப் பேசவில்லை. திபெத் ஏன் உதவியது? 641 கட்டத்தைப் பாருங்கள்: சீன இளவரசி வென்செங் லாசாவுக்கு மணப்பெண்ணாகப் போயிருந்தார்.

மேற்கு ஐரோப்பாவுக்கு இந்தப் பத்தாண்டில் அதிக இடம் தேவையில்லை. 642இல் வட இங்கிலாந்தின் கிறிஸ்தவ அரசர் ஆஸ்வால்ட், பழைய தெய்வங்களை வணங்கிய பெண்டாவிடம் போரில் மாண்டு, பிறகு புனிதராகப் போற்றப்பட்டார். 643 நவம்பரில் இத்தாலியின் லொம்பார்டு அரசர் ரோத்தாரி தன் மக்களின் வழக்காறுகளை இலத்தீனில் சட்டமாக எழுதவைத்தார். இந்த இரண்டையும் குறித்தால் போதும்.

கடைசியாக: 649ஐ மூடாதீர்கள்

649 கட்டத்தில் தைசோங்கின் மரணம், சிரியாவின் அரபு ஆளுநர் முஆவியாவின் கப்பற்படை சைப்ரஸைத் தாக்கியது, லாத்தரன் சங்கம் மூன்றும் இருக்கும். அதன் வலப்பக்கம் ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள். யஸ்தகிர்த் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். 651இல் மெர்வ் நகருக்கு அருகே கொல்லப்படுவார். அவருடைய மகன் பேரோஸ் அடைக்கலம் தேடிப்போவது தாங் அரசவைக்கு. ஆகவே அடுத்த பத்தாண்டுக்கு நோட்டுப் போடும்போது பாரசீகத்தையும் சீனத்தையும் அடுத்தடுத்த வரிசைகளில் வைத்துக்கொள்ளுங்கள்.